கஞ்சன் என்று பெயரெடுத்தவருக்கு

வீட்டுக்குள் மல்லிகை நாறுகிறது. மணக்கிறது என்று எழுத எனக்குக் கை வராது, உங்களுக்குத் தெரியும். உங்கள் பதினாறாம் நாளுக்கென்று உங்கள் அக்கா கூடை நிறைய வாங்கி வந்திருக்கிறார். தாலியைக் கழற்றும் முன் எனக்குக் கடைசியாகப் பூ வைத்துப் பார்க்க வேண்டுமாம். வைத்துப் பறிப்பதற்கு ஒரு சடங்கு. தூ!

பல வருடங்களுக்கு முன் நம் பிள்ளை பிறந்து ஒரு பொழுதுகூட உயிரோடு இருக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவளுக்குக் காரணம் தெரியாதா? நஞ்சுக்கொடி விழுந்ததும், அதுவரை பாலைத் தடுத்து வைத்திருந்த ஹார்மோன் இறங்கிவிடும்; மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பியின் ஹார்மோன் பாலைச் சுரக்க வைத்துவிடும். குடிக்கப் பிள்ளை இருக்கிறதா என்று அது கேட்காது. அப்படி ஒரு மூடச் சுரப்பி.

உங்கள் அம்மாவுக்கோ பால் பட்ட சேலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "மல்லிப்பூவ நெஞ்சுல வச்சு இறுக்கிக் கட்டுளா, வத்திரும். அடுத்த வருசமே ஒண்ணு பெத்துக்கிடலாம்" என்றார், வீட்டில் உளுந்து தீர்ந்துபோன மாதிரி. அடுத்தது நமக்கு வரவேயில்லை.

பூ வாங்க உங்களைத்தான் பாளை மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னீர்கள்: "'என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேசமா'ன்னு பூக்காரன் கேக்கான். ஆமான்னு சொல்லிட்டேன்." பூ உடம்புச் சூட்டில் வெந்து, கசிந்த பாலோடு புளித்து நாறியது. கட்டை அவிழ்க்க வந்த நீங்கள் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தீர்கள். அன்று எனக்கு உங்களை மிகவும் பிடித்துப்போனது.

அதன் பிறகு இந்த வீட்டுக்குப் பூ வரவில்லை. பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராத கஞ்சன் என்று ஊரே சிரித்தது. "பூ வாடிப்போவும்வே, துட்டு வாடாதுல்லா" என்று நீங்களும் சிரித்துவைத்தீர்கள்.

இன்று காலை உங்கள் அக்கா சரத்தோடு கிட்டே வந்தார். "அவந்தான் இருந்தவரைக்கும் வாங்கித் தரல. இன்னைக்காவது வச்சுக்கிடுளா."

கையைத் தட்டிவிட்டேன். நாலு பேர் நடுவில் பால், பிள்ளை, வாந்தி எல்லாவற்றையும் சொன்னேன். "சீ, இதையெல்லாமா வெளிய சொல்லுவாக" என்று முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். அதற்குப் பிறகு ஒருவரும் உங்களைக் கஞ்சன் என்று சொல்லவில்லை.

கல்யாண வீடுகளில் மல்லிகை வாடை அடித்தால், என் முகம் கோணும் முன்னே உங்கள் முகம் கோணும். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி அருவருப்பு குறைந்துவிடும். இனி முழுவதும் எனக்குத்தான்.