பொய் சொன்ன சென்சார்

நம்ம பெரியவன் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன்; இது நானே எழுதியது. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

நான் ஓட்டும் பிக்கப் வண்டி, சூட்டோடு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தது. முதலாளி விற்றுவிடப் பார்த்தார். விற்றால் எனக்கும் வேலையில்லை. புகைக்குழாயில் பெட்ரோல் வாசம் அடிப்பதை மெக்கானிக்கிடம் சொன்னேன்.

“சூடு பாக்குற சென்சார் பொய் சொல்லுது, பெரியவரே. இன்ஜின் கொதிச்சாலும் குளிருதுங்குது. அதை நம்பி பெட்ரோல் கூடுதலாப் பாயுது.”

“எங்க வீட்டம்மா மாதிரிதான். காய்ச்சல் கொதிச்சாலும் ஒண்ணுமில்லன்னுவா.”

சென்சாரை மாற்றியதும் சாவியைத் திருப்பின உடனே கிளம்பியது. வேலை நிலைத்தது.

இதுவரை உன் கடிதத்தை எனக்கு அடுத்தவர் படித்துக்காட்டியதால் ‘நலம்’ என்று மட்டும் எழுதினாய். இனி நானே படிப்பேன். உடம்புக்கு என்னவென்று உள்ளபடி எழுது. பெரிய எழுத்தாக, நீளமாக எழுது. சுமை ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன்.

உன் வீட்டுக்காரன்