அழிக்காதே என்று எழுதியிருந்த பாதி

பரிலோச்சே
மார்ச் 4

ஒஸ்வால்டோ பிரிசுவேலாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்; பேசப் பிடிக்காமல் எழுதுகிறேன். ஆமாம், இனி "நீங்கள்"தான்.

கரும்பலகையில் என் பாதியைக் கட்டம் கட்டி "அழிக்காதே" என்று எழுதியிருந்தேன். இந்த ஆய்வகத்தில் தரை துடைக்க வருகிறவர்கூட அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் டஸ்டரைக் கொண்டுபோக மாட்டார். நீங்கள் துடைத்தீர்கள். கேட்டதற்கு, "கரும்பலகைன்னா அழிக்கத்தானே, நெலிடா? மூஞ்சிய ஏன் தூக்கி வச்சுக்கிற?" என்று சிரித்தீர்கள்.

கருந்துளையில் விழுந்த செய்தி எதுவும் தொலையாது, அது கக்கும் கதிர்வீச்சோடு திரும்பி வந்துவிடும் என்பது உங்கள் வாதம். கணக்குக்கு வசதியாகப் பிரபஞ்சத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டீர்கள். சுவர் இல்லாமல், விரிந்துகொண்டே போகிற பிரபஞ்சத்துக்கு நான் போட்ட கணக்குதான் நீங்கள் துடைத்தது. ஏப்ரலில் மொந்தெவிதெயோ மாநாட்டில் சொல்ல வைத்திருந்தேன். படி எடுக்கவில்லை. எனக்கு அது திரும்ப வேண்டும்.

நெலிடா அர்ரிகோனி

மார்ச் 5

அன்பு நெலிடா,

இத்தனை வருஷம் ஒரே குடுவையில் மாத்தே தேநீர் குடித்தவர்களுக்குள் என்ன "நீங்கள்"? இடம் போதவில்லை, துடைத்தேன். எதுவும் தொலையாது என்று நம்புகிறவன் நான். உன் கணக்கு டஸ்டரில் தூளாக இருக்கிறது, கொஞ்சம் என் சட்டைக் கையிலும். பொறுக்கிக்கொள். எப்படியும் மூன்றாம் வரியில் கூட்டல் கழித்தல் குறி தப்பு. உன் மானத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்.

உன் ஒஸ்வால்டோ

மார்ச் 19

ஒஸ்வால்டோவுக்கு,

மூன்றாம் வரியின் குறி வரை தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் படித்துவிட்டுத்தான் துடைத்திருக்கிறீர்கள். இடம் போதாத கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.

அந்த வரியிலிருந்தே மறுபடி போட்டேன். குறி சரி. சுவர் இல்லாத இடத்தில் அந்தக் கதிர்வீச்சு எட்டாத தொலைவுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் நின்று முழுவதையும் சேர்க்க யாராலும் முடியாது. செய்தி எங்கோ இருக்கலாம். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கட்டுரையில் என் பெயர் மட்டும். அகர வரிசையில் அர்ரிகோனிக்குப் பின்னால் பிரிசுவேலா வந்ததெல்லாம் முடிந்தது. ஆய்வகத்து மாடியில் தனி அறை கேட்டு வாங்கிவிட்டேன். மாத்தே குடுவையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

நெலிடா அர்ரிகோனி

மே 30

நெலிடா,

மொந்தெவிதெயோவில் கடைசி வரிசையில் இருந்தேன். மூன்றாம் வரி வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாய். மறுத்துப் பேச நான் கை தூக்கவில்லை.

அதற்குப் பிறகு எழுதிய எதற்கும் மாடியிலிருந்து பதில் இல்லை. உன் மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நேற்று எழுத இடம் தேடி, கரும்பலகையில் உன் பாதிக்குப் போனார். "கைய எடுங்க" என்று கத்திவிட்டேன். "இதுல ஒண்ணுமே இல்லையே, டாக்டர்" என்றார்.

இல்லைதான். வெறும் பலகையைக் கட்டம் கட்டி "அழிக்காதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒஸ்வால்டோ