மெதுவாக ஓடிய டெக்

ஞாயிறு, இரவு.

பத்திரிகைக்கு எழுதிய என் கட்டுரையை நாளை மதியத்துக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். இன்று காலை வரை அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எண்பதுகளில் கொச்சி ராக் குழு ஒன்று வெளியிட்ட முதல் ஆல்பம் நேற்றுதான் இணையத்துக்கு வந்தது. இன்று உத்தமபாளையத்தில் ரபீக் பாயின் செல்போன் கடையில் பாய், செல்வம், நான் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் பாட்டிலேயே கூடலூர் ஜீப் டிரைவர் செல்வம் சிரித்துவிட்டார்.

"என்ன பாய், கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறாய்ங்களா? இந்த ஓட்டம் ஓடுறாய்ங்க!"

குரல் துள்ளியது. இருபது வயதுப் பையன்களின் குரல். நாங்கள் இதுவரை கேட்டதெல்லாம், குமுளியில் வாங்கிய ஒரே கேசட்டிலிருந்து பாய் பதிந்து தந்த பிரதிகள். கேசட்டை ஓடவிட்ட அவருடைய டேப் டெக் மெதுவாக ஓடியிருக்கிறது; அதனால்தான் பிரதிகளில் குரல் கனத்து இழுத்தது.

"அப்ப இம்புட்டு வருசமா நாம கேட்டது யாரு?" என்றார் பாய்.

"ஒங்க டெக்குதேன்" என்றார் செல்வம்.

பாய் சிரிக்கவில்லை. "தம்பி, நீ எழுதுனத என்ன செய்வ?" என்று என்னைக் கேட்டார். நான் பஸ் ஏறினேன்.

கட்டுரை முழுவதும் அந்தப் பாடகரின் களைப்பைப் பற்றியது. இளமையிலேயே ஓய்ந்துபோன குரல் என்று எழுதியிருக்கிறேன். நான் வேலை இல்லாமல் இருந்த இரண்டு வருடமும் அந்தக் குரல்தான் எனக்குத் துணை. பொய் என்று அடிக்கக் கை வரவில்லை.

'பாடகரின்' என்ற சொல்லை மட்டும் எல்லா இடத்திலும் அடித்தேன். களைப்பு அப்படியே நிற்கிறது. யாருடையது என்று பத்திரிகை ஆசிரியர் கேட்பார். முதல் இடத்தில் 'என்' என்று எழுதிப் பார்த்தேன். மற்ற இடங்களைக் காலையில் பார்க்க வேண்டும்.