ஒற்றைச் சிவப்புச் சொக்ஸ்

மச்சான்,

நீ இங்கிருந்து போன வருஷம் எதுவென்று கேட்டால் நான் கலண்டர் பார்த்துச் சொல்லமாட்டேன். பாய்க்கப்பல் ஓட்டத்தில் நியூசிலாந்து கிண்ணம் வென்று, ஒக்லாந்தில் கிழவன் கிழவி தொடக்கம் பஸ் ஓட்டுகிறவன் வரைக்கும் காலில் சிவப்புச் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்த வருஷம். யாழ்ப்பாணத்துச் சனம் மழைக்குள்ளே பாலம் கடந்து இடம்பெயர்ந்ததும் அதே வருஷம்தான். அது நடக்கும்போது நீ ஆபிரிக்காவில் மலாவிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்றைக்குக் காலமை என் பெண்சாதி றீற்றா அலுமாரியை ஒதுக்கினாள். இரண்டாயிரம் பிறக்கிற அன்று கம்பியூட்டரெல்லாம் நின்றுபோய்த் தண்ணியும் வராது, கரண்டும் வராது என்று யாரோ சொன்னதை நம்பி, போத்தல் தண்ணி அடுக்க இடம் தேடினாள். அடித்தட்டிலிருந்து உன் சொக்ஸ் விழுந்தது. ஒன்றுதான். எடுத்து மணந்து பார்த்தேன். விறகுப் புகையும் கருவாடும் கலந்த மணம். எங்கள் கடற்கரைக் கருவாடு இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஏரி மீன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சோடியில்லாத சொக்ஸ். எறியட்டே?" என்றாள்.

"எறிஞ்சா நானும் அதோடை போறன்."

"அப்ப உங்களுக்கு அவரோடை ஏதோ கதைக்கவேணும்போலை கிடக்கு. சொல்லுங்கோ, எழுதிறன்."

என் எழுத்து கையெழுத்து வைக்கிறதோடு முடிந்தது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மனுசி எழுதுகிறாள். நடுவிலே ஏதாவது நன்றாக இருந்தால் அது அவள் சேர்த்ததாக இருக்கும்.

மன்னாரில் நாங்கள் வேதக்கோயில் கூத்து ஆடின காலத்தில் நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு. நீ கொடுங்கோல் ராசன். நான் பிற்பாட்டு. சபைக்கு உன் முகம் தெரியும், கிரீடம் தெரியும். உன் வலது தோளுக்குப் பின்னாலே நின்ற என்னை ஒருவருக்கும் தெரியாது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருதரம் படித்துக் காட்டினால் எனக்கு எல்லாருடைய பாட்டும் நெஞ்சில் ஒட்டிவிடும். உனக்கு மூன்றாம் அடி வரும்போது ஒரு தடுமாற்றம் வரும். தலையை வலப்பக்கம் ஒரு நெல்லளவு சரிப்பாய். நான் அடியை எடுத்துத் தருவேன். நீ அதை வாங்கி, உன் வெண்கலக் குரலில் நூறு மடங்காக்கிச் சபைக்குக் கொடுப்பாய். கைதட்டு உனக்கு. அதில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. உன் தலை சரிகிற அந்த நெல்லளவு இடம் என்னுடையது. அதைத்தான் நான் என் சொத்தாக வைத்திருந்தேன்.

ராசனுடைய வரவுப் பாட்டு நினைவிருக்கிறதா?

வந்தேனே மன்னன் வந்தேனே – வாளேந்தி
வையம் நடுங்கிட வந்தேனே
கடலும் கரையும் என் சொல்லுக்காகும் – கண்டவர்
கைகட்டி நில்லுமே வந்தேனே.

"கடலும்" என்றதும் எனக்கு மூச்சு வாங்கும். வாங்கக் கூடாத இடம். அண்ணாவியார் தாளத்தாலே என் தலையில் குட்டுவார். "கடலுக்கும் கரைக்கும் நடுவிலை என்னடா இளைப்பு, நீந்தியோ வாறாய்?" என்பார். எத்தனை குட்டு வாங்கியும் அது திருந்தவில்லை. என்னிடம் அடி வாங்கிப் பாடிப் பாடி உனக்கும் அதே இடத்தில் மூச்சு விழுந்துவிட்டது.

இங்கே வந்து, விரி என்ற பகுதியில் ஒரே களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கினோம். ஒடாஹுஹுவில் கோயில் மண்டபத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் நான் ஒன்றைத்தான் சொல்லுவேன்: "இதிலை ஒருக்கா போடுவம் மச்சான்." நீயும் ஓம் ஓம் என்றாய். அப்போதுதான் கோயிலில் அறிவித்தார்கள், மலாவியில் ஏரிக்கரை மிசனுக்கு வள்ளத்து மெசின் திருத்தத் தெரிந்த ஆள் வேண்டுமென்று. பிள்ளைகுட்டி இல்லாத நீ, பெண்சாதியையும் பறிகொடுத்துவிட்டிருந்த நீ, கையைத் தூக்கினாய்.

"ரெண்டு வருஷம்தானடா சூசை. வந்து கூத்துப் போடுவம்."

அந்த வாக்குக்காகத்தான் ஒடாஹுஹுக் கடையில் அந்தச் சோடிச் சொக்ஸை வாங்கினேன். விமான நிலையத்தில் உன் கையில் வைத்து, "ராசன் வெறுங்காலோடை போகக்கூடாது" என்றேன். நீ அங்கேயே சப்பாத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டாய்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நீ கசெற்றில் கதைத்து அனுப்பினாய். முதல் கசெற்றில் உன் குரல் மட்டும். "மெசினைத் திருத்திக் குடுக்கிறன், ஓட்ட ஆள் இல்லையடா. வள்ளம் கரையிலை கிடக்கு, வள்ளக்காரன் சேமக்காலைக் குழியிலை கிடக்கிறான்" என்றாய். எயிட்ஸ் நோயை, அந்த வருத்தத்தை, அந்தச் சனம் எட்சி என்கிறதாம். சுவாமியார் பிரசங்கத்தில் அதைப் பாவம் என்று சொல்ல, வந்தவன் எல்லாம் வருத்தத்தை ஒளித்தானாம். ஒளித்ததாலே கட்டினவளுக்கும் கொடுத்தானாம். பிறகு சுவாமியாரே யோசித்து, கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க முதல் இரண்டு பேரும் மிசன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து வாருங்கள் என்று கேட்டுப் பார்த்தாராம். ஒரு சோடியும் போகவில்லையாம். "பிரசங்கம் காதிலை ஏறாது. கூத்து ஏறும்" என்று சொல்லி முடித்தாய். கசெற் ஓடி நின்ற பிறகும் நான் ரேடியோவுக்கு முன்னால் இருந்தேன். எங்கள் கூத்தை எனக்கு முதலே வேறு சனத்துக்குக் கொடுக்கப் போகிறாய் என்று விளங்கியது.

இரண்டாவது கசெற்றில் நீ சிரித்துச் சிரித்து அழுதாய். கூத்துக்காரன் விடக்கூடிய பிழையைத்தான் விட்டிருந்தாய். எங்களுக்கு மேடைக்கு வருகிற எவனுக்கும் வரவு வேண்டும். கள்ளன் என்றாலும் தான் இன்னான் என்று பாடிக்கொண்டுதான் வருவான். அதனாலே வருத்தத்தையும் ராசனாக்கிக் கடதாசிக் கிரீடம் வைத்து, நான் தந்த சிவப்புச் சொக்ஸைப் போட்டு, எங்கள் மெட்டில் அவர்கள் பாஷையில் வரவு கட்டிவிட்டாய். சனத்துக்கு ராசனைப் பிடித்துப்போனது. ஏரிக்கரைப் பெடியள் காலில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு "நான் எட்சி ராசா" என்று பாடித் திரிந்தார்களாம். ராசன் வேஷம் எனக்கு, உனக்கு என்று இரண்டு இளந்தாரிகள் அடிபட்டார்களாம். ஒரு கிழவி ராசனுக்கென்று கோழி கொண்டுவந்து கட்டினாளாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கசெற் எனக்கு நல்ல சந்தோஷம். பின்னுக்கு நான் நில்லாத கூத்து அப்படித்தான் போகும் என்று றீற்றாவிடம் சொன்னேன்.

மூன்றாவது கசெற்றில் உனக்குப் பின்னாலே இன்னொரு குரல் கேட்டது.

பொம்பிளைக் குரல். தடித்த குரல். நீ அடியைத் தொட முதல் அது தொட்டது. நான் கசெற்றை நிறுத்தித் திரும்பப் போட்டேன். திரும்பவும் அவள்தான். அவளுக்கும் எழுத்துத் தெரியாது என்றாய். ஒருதரம் கேட்டால் பிடித்துவிடுவாள் என்றாய். எங்கள் தமிழ்ப் பாட்டையே கருத்துத் தெரியாமல் பாடுகிறாள், "உன்னைப் போலையே ஒருத்தியடா" என்று என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னாய். யாருக்கடா அது சந்தோஷம்? ஊர் உன்னை எடுத்துக்கொண்டது என்று நான் பொறாமைப்படவில்லை. ஊர் பெரியது, அதைப் பிடித்துப் பொறாமைப்பட முடியாது. ஒரு ஆளைப் பிடிக்கலாம்.

"அவளின்ரை பேரை எழுதட்டே?" என்று றீற்றா இப்போது கேட்கிறாள். வேண்டாம் என்றேன். நீ அவள் பேரைச் சொல்கிற இடமெல்லாம் நான் சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்டேன்.

நீ திரும்பி வந்தது, ஒக்லாந்தின் நடுப்பட்டணத்தில் கரண்ட் கம்பிகள் எரிந்து, கடைக்காரரெல்லாம் வாசலில் ஜெனரேற்றர் வைத்து இரைந்துகொண்டிருந்த கோடையில். வந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். லீவில் வந்திருக்கிறேன் என்றாய். கோயில் மண்டபத்தில் பூசை முடிந்து எல்லாரும் இருக்க, கூத்து எப்படித் திருந்தியது என்று சொன்னாய்.

அவள்தான் சொன்னாளாம்: "என்ரை வீட்டுக்கு அது வரேக்கை பாடிக்கொண்டு வரேல்லை." புருஷன் வலை இழுத்துவிட்டு வழமைபோல வந்தான், சாப்பிட்டான், படுத்தான், அவ்வளவுதான் என்றாளாம். அதோடு ராசனுடைய வரவை வெட்டினீர்கள். வள்ளக்காரனுக்கு வரவு, மணப்பெண்ணுக்கு வரவு, மாமனுக்கு வரவு. வருத்தத்துக்கு மட்டும் வரவு இல்லை. வருத்தமாக நடிக்கிற நீ, நீளக் காற்சட்டை போட்டுச் சனத்தோடு சனமாக இருந்தாய். கடைசியில் வள்ளக்காரன் "எங்கே அவன்?" என்று கேட்க, எழும்பிக் காற்சட்டையை உயர்த்தினாய். சிவப்புச் சொக்ஸ். பக்கத்தில் இருந்தவர்கள் குழறிக்கொண்டு விலகினார்கள்.

ஆனால் அன்றைக்கு உன் ஒரு காலில்தான் சொக்ஸ் இருந்தது. மற்றதைக் காலமை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். குளிருக்காக்கும் என்று நீ கொடுத்திருந்தாய். "மற்றது எங்கே? மற்றது எங்கே?" என்று சனம் சத்தம் போட, பின்னுக்கு நின்ற அவள் முன்னுக்கு வந்து, இடுப்புத் துணியின் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இது கூத்தில்லை. எனக்கு இருக்கு" என்றாள்.

பிறகு மாதர் சங்கத் தலைவி எழும்பிப் போய், அவளைக் கையிலே பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, தன் பாயில் தோளோடு தோள் முட்ட இருத்தினாளாம். அந்தக் கிழமை கலியாணத்துக்கு நின்ற ஒரு சோடி சுவாமியாரிடம் வந்து, முதல் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார்களாம்.

மண்டபத்தில் சனம் கண்ணைத் துடைத்தது. நான் மற்ற விசயத்தைத்தான் கேட்டேன்.

"மற்றச் சொக்ஸ் இப்ப ஆரிட்டை?"

"அவளிட்டைத்தான்."

"திருப்பி வாங்கேல்லையோ?"

"அது இப்ப அவளின்ரையடா."

"நான் உனக்கெண்டு வாங்கினது."

"நீ தந்தது எனக்கு. நான் குடுத்தது அவளுக்கு. விசரன் மாதிரிக் கதையாதை."

றீற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பெண்சாதிக்காரன் வீட்டுச் சண்டை தோத்துப்போம்" என்றாள்.

பிறகு சனம் உன்னைப் பாடச் சொன்னது. நீ எழும்பினாய். யாரும் சொல்லாமலே நான் போய் உன் வலது தோளுக்குப் பின்னாலே நின்றேன். இந்த நேரத்துக்காகத்தானே அவ்வளவு காலமும் இருந்தேன். மன்னன் வந்தான், வையம் நடுங்கிற்று. மூன்றாம் அடியில் உனக்குத் தடுமாற்றம் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

நீ இடப்பக்கம் சரித்தாய்.

நெல்லளவுதான். வெறும் சுவருக்குச் சரித்தாய். அவள் அங்கே இடப்பக்கம் நிற்கிறவள் போலும். மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும் உனக்கும் விளங்கியது. நான் அடியைத் தந்தேன், நீ பாடி முடித்தாய், கைதட்டினார்கள். வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது, "சூசை, நான் திரும்பிப் போறன். இனி அங்கைதான்" என்றாய். போய்ட்டு வா என்றேன்.

இந்த வருஷ மழையோடு மலேரியாக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஏரிக்கரையிலேயே அடக்கம் பண்ணினார்கள். உன் சாமான் பெட்டி வந்தது, உள்ளே உன் ஒற்றைச் சொக்ஸ். பிறகு ஒரு நாள் மிசனிலிருந்து சிஸ்டர் ஒருவர் போன் எடுத்தார். இங்கிலீசில் சொல்லச் சொல்ல றீற்றா எனக்குத் தமிழில் சொன்னாள். அந்தக் கூத்தில் வள்ளக்காரனாக வந்தவன் போய்விட்டானாம். மணப்பெண்ணாக வந்தவளும் போய்விட்டாளாம். மாமனும் மேளகாரனும் உனக்கு முதலே போய்விட்டார்களாம். தங்களுக்கும் இருக்கிறது என்று அவர்கள் கடைசி வரைக்கும் சொல்லவில்லையாம். சொன்னவள் ஒருத்திதான். அவள்தான் முதல் போவாள் என்று நீயும் பயந்திருந்தாய்.

"ஒராள் உங்களுக்குப் பாடவேணுமாம்" என்று றீற்றா போனை என் காதில் வைத்தாள்.

தடித்த குரல். வந்தேனே மன்னன் வந்தேனே. ஒரு சொல் பிழையில்லை. எங்கள் மன்னார்ச் சத்தத்தில், எங்கள் இழுவையில் பாடினாள். "கடலும்" என்று வந்தது. அந்த இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, பிறகுதான் "கரையும்" என்றாள்.

என் மூச்சு மச்சான். நான் குட்டு வாங்கின மூச்சு. நீ அதையும் அவளிடம் கொடுத்துவிட்டாய்.

நான் போனை வைக்கவில்லை. அவள் அடுத்த அடிக்கு நின்றாள். எனக்கு விளங்கியது, அவள் எனக்காக நிற்கிறாள். பின்னுக்கு நிற்கிறவர்களுக்குத் தெரியும், முன்னுக்கு ஆள் இல்லாவிட்டால் பாட்டு எப்படித் தவிக்கும் என்று. நான் அடியைத் தொட்டேன், அவளும் தொட்டாள். உனக்குப் பின்னாலே வலப்பக்கமும் இடப்பக்கமும் நிற்கிற இரண்டு பேர், நடுவில் நீ இல்லாமல் பாடி முடித்தோம்.

எரிச்சல் இன்னும் போகவில்லை. போகும் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். சொக்ஸை றீற்றா திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டாள். போத்தல் தண்ணிக்கு வேறு இடம் பார்க்கிறாளாம்.

"இப்பவாவது பேரை எழுதட்டே?" என்கிறாள். எழுது என்றேன். உன்னோடு அந்த மேடையில் நின்றவர்களில் உயிரோடு மிச்சம் இருக்கிறவள், மற்றச் சொக்ஸை வைத்திருக்கிறவள், கிரேஸ்.