இறங்காத தூசி

முத்தியால்பேட்டை
வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி

அன்பு மகன் ஆசிப்புக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோர்பா நிலக்கரிச் சுரங்கத்தில் அல்லாஹ் உன்னை நலமாக வைத்திருப்பானாக. இங்கே நானும் உன் தங்கை மஹீராவும் சுகம். அத்தாவைப் பற்றி நீ போனில் கேட்டபோதெல்லாம் நல்லாயிருக்காங்க என்றேன், அவர் பக்கத்திலேயே இருப்பார், வேறென்ன சொல்வது. அதனால்தான் கடிதம்.

அத்தாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. நான்கு மாதமாக டிபி மாத்திரை சாப்பிட்டும் இளைப்பு குறையவில்லை. மூன்று முறை சளி பார்த்தும் கிருமி இல்லையே, என்ன வேலை செய்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார்கள். அத்தா சைக்கிள் கடை என்றார். சேதராப்பட்டு ஆலை பாய்லரில் பத்தொன்பது வருடமாக நிலக்கரி உடைத்துக் கொட்டுகிறவர். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஆள் வைத்திருக்கும் காண்டிராக்டர் ஷஹாபுதீன் மாமாதான், பெருநாள் கழித்து அவர் மகன் ஹாதிக்குத்தான் மஹீராவைக் கொடுக்கிறோம். கரித்தூசி என்று சொன்னால் சம்பந்தி மேலேயே புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார் அத்தா. போன வாரம் வந்தவர், என்ன மச்சான், பொண்ணு கிளம்பறதுக்கு முன்னாடியே பெருமூச்சா என்று சிரித்தார், அத்தாவும் இருமிக்கொண்டே சிரித்தார்.

என் தப்பு இதைவிடப் பழையது. வெல்லம் தின்றால் தூசி வயிற்றில் இறங்கிவிடும் என்று பாய்லர் ஆட்கள் எல்லோரும் தின்பார்கள். நானும் தினம் ஒரு கட்டி கொடுத்தனுப்பினேன். வேதியியல் படித்தவள் நான். நுரையீரலின் கடைசி அறைவரை போகும் பொடியை வெல்லம் என்ன செய்யும்? அந்தத் தூசியிலிருக்கும் சிலிக்கா கரையாது, அதை விழுங்க வரும் உயிரணுக்கள்தான் சாகும், அந்த இடம் தழும்பாக இறுகும். தெரிந்தும் முகமூடி கேளுங்கள் என்று சொல்லவில்லை, கேட்டால் வேலைக்கு வேண்டாம் என்பார்கள் என்ற பயம்.

நேற்று மஹீராவிடம் சொல்லிவிட்டேன். பொண்ணைக் கொடுக்குற வலியா நிக்க அத்தா வேணும், இல்லன்னா அண்ணன் வேணும், ரெண்டு பேரையும் கரிக்குள்ள வுட்டுட்டு எனக்கு நிக்காஹ் எதுக்கும்மா என்றாள். அவளுக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை.

இருபதாம் தேதி மறுபடி ஆஸ்பத்திரி. அன்று காலை எட்டு மணிக்கு போன் செய். ஸ்பீக்கரில் போடுகிறேன். டாக்டரிடம் பாய்லர் வேலையைச் சொல்லுங்கள் என்று அத்தா காதுபட என்னிடம் சொல். அதற்குப் பிறகு நான் பின்வாங்க முடியாது.

நீயும் நெஞ்சுப் படம் எடுத்து அனுப்பு, மறந்துவிடாதே. ஒவ்வொரு தொழுகையிலும் உன் மூச்சுக்காகத்தான் கேட்கிறேன்.

உன் அம்மா
ஜஹபர் நிஷா