பிள்ளையார் திருடிக்கு முன்ஜாமீன்

லோஹேகாவ், புனே
வியாழக்கிழமை

இல்லை ரஞ்சனி, அப்பா மேல் இல்லை, என் மேல்தான் கேஸ். உன் குழப்பம் புரிகிறது. உன் சித்தப்பா விச்சு குடும்ப வாட்ஸாப்பில் "முன்ஜாமீன் கிடைத்தது, பகவான் கிருபை" என்று மட்டும் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டால் யாருக்குத்தான் குழப்பம் வராது. நீ உடனே அப்பாவுக்குப் போன் போட்டு "என்னப்பா பண்ணித் தொலைச்சே" என்று கேட்டாயாம். விமானப் படையில் அவ்வளவு வருஷம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை பார்த்த மனிதர், பெற்ற பெண்ணே சந்தேகப்பட்டுவிட்டாளே என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். உடம்பளவில் நாங்கள் இருவரும் சௌக்கியம். மானத்தில் அவர் சௌக்கியம், நான் தேறி வருகிறேன். கனடாவில், அந்தக் கல்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை கிருஷ்ணாவும் வயிற்றிலிருக்கும் சின்னதும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். கிருஷ்ணாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே, அவன் வேகமாகப் படிப்பான்.

வழிப்பறிக் கேஸ். ஆமாம், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூட்டு வலி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வழிப்பறி. நம் சொசைட்டி அரச மரத்தடியில் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயில் கட்டுகிறோம் என்று சொன்னேன் அல்லவா, மேடை தயார், பிள்ளையார்தான் இல்லை. கடையில் வாங்கலாமே என்றார் அப்பா. பக்கத்து வீட்டு அபயாம்பாள் மாமி விடவில்லை. "கடைல வாங்கின பிள்ளையாருக்கு என்னடி சாந்நித்யம்? எங்க பக்கத்துல திருடிண்டு வந்துதான் வைப்பா. திருட்டுப் பிள்ளையார்தான் கேட்டதைக் குடுப்பார்" என்றாள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் ஊரில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத்தான் திருடுவார்களாம், உரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். அதை மாமி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது எனக்குப் பிள்ளையாரிடம்தான் இருந்தது. போன தடவை மாதிரி இந்தத் தடவையும் உனக்கு ஆகிவிடக் கூடாது. உன் பிரசவத்தின்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டதைக் கொடுக்கிற பிள்ளையார் என்றால் நான் எந்தச் சுவரையும் தாண்டியிருப்பேன். நல்லவேளையாகத் தகர வேலிதான், அதிலும் ஒரு பக்கம் திறந்திருந்தது.

ஏர்போர்ட் போகிற வழியில் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூலையில் ஒன்றரைச் சாண் உயரத்துக்குக் கருங்கல் பிள்ளையார். விளக்கில்லை, பூவில்லை, தும்பிக்கையெல்லாம் சிமெண்டுத் தூசி. பில்டர் எப்படியும் இவரை ஆற்றில் போடப்போகிறான் என்று நானும் கூட வந்த மாமியுமே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். பட்டப்பகல், வாசலில் ஆட்டோ காத்திருக்கிறது, பட்டுப்புடவை வேறு. திருடினாலும் முறையாகத் திருட வேண்டாமா, அவர் இருந்த இடத்தில் வெற்றிலை பாக்கும் தேங்காய் பழமும் வைத்தேன். எதில் தெரியுமா? உன் கல்யாணத் தாம்பூலப் பையில். பரணில் இன்னும் ஒரு கட்டு கிடக்கிறதே, அதில் ஒன்று. உன் பெயர், மாப்பிள்ளை பெயர், கீழே எங்கள் இருவர் பெயர், வீட்டு விலாசம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ், அப்படித்தான் அச்சடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நீதான். பையோடு அப்படியே வைத்துவிட்டு வந்தேன். திருடிய இடத்தில் விலாசம் கொடுத்துவிட்டுப் போன ஆளை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.

சிரித்தது போதும், அடுத்ததைப் படி. பிள்ளையாரைத் தூக்கியபோது வாட்ச்மேன் வந்துவிட்டார். பாண்டுரங் என்று பெயர், என் வயதுதான் இருக்கும். "ஓ தாயி, காய் கர்த்தாய்?" என்று, என்னக்கா பண்றே என்று மராத்தியில் கேட்டுக்கொண்டே வந்து பிள்ளையாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் நான். "பகவான் ஹை, சோடோ" என்றேன், பகவான் என்றால் விட்டுவிட வேண்டும் என்பதுபோல. அவர் விடவில்லை. இழுத்தேன். மணலில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். "வேஷம் போடறான், வாடி" என்றாள் மாமி. நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. ஆட்டோவில் ஏறிவிட்டோம். அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

எடுத்தால் திருட்டு, எடுத்துப் போவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் வழிப்பறி. இது வக்கீல் தேஜஸ்வினி சொன்னது. என்னிடம் படித்தவள், கணக்கில் நான் பெயிலாக்கிய பெண், அவள்தான் இப்போது எனக்கும் மாமிக்கும் சேர்த்து மனுப் போட்டவள். கோயில் கமிட்டி மொத்தமும் கூட வந்து ஐந்து பேர் ஆகியிருந்தால் கொள்ளை ஆகியிருக்குமாம். "உன்னோட யாரும் சேரமாட்டான்னு தெரிஞ்சதுதானே" என்றார் அப்பா. மனு விசாரணைக்கு வரும்வரை கைது செய்துவிடுவார்கள் என்று பயந்து என்னைத் தளேகாவில் இருக்கிற அவர் நண்பர் ஜோஷுவா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சட்டப்படி தலைமறைவு. லோக்கல் ரயிலில் சீனியர் சிட்டிசன் சீட்டில் உட்கார்ந்து தலைமறைவானேன். மத்தியானம் சீரியல், சாயங்காலம் வாக்கிங். இங்கே வீட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து என்னைத் தேடியிருக்கிறார். பிள்ளையார் கூடத்திலேயே அலமாரியில், மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். புனேயில் எந்த வீட்டில்தான் கணபதி இல்லை? கான்ஸ்டபிள் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாராம்.

நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை, வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று தேஜஸ்வினி சொல்லியிருந்தாள். அவள் வாதம் எளிமையானது. கல்யாணப் பை ஊரெல்லாம் கொடுத்தது, யார் கையில் வேண்டுமானாலும் இருக்கும், என் கட்சிக்காரர் அந்தப் பக்கமே போனதில்லை. இப்படிச் சொன்னால் ஜாமீன் சுலபம், நிபந்தனை அதிகம் இருக்காது, பிரசவத்துக்குப் போய் வரலாம் என்றாள். சரி என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையாரையே வேண்டிக்கொண்டேன், யாரைத் திருடினேனோ அவரையே. அரசு வக்கீல் எழுந்தார். சிலை கிடைக்கவில்லை, காவலில் எடுத்து விசாரிக்க வேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். வாட்ச்மேனே சிலையை விற்றுவிட்டு ஒரு அம்மாள் வந்தாள் என்று கதை கட்டுகிறானோ என்று பில்டருக்குச் சந்தேகம், வேலையை விட்டு நிறுத்திவிட்டார், அதையும் விசாரிக்கிறோம் என்றார். பாண்டுரங் கதவருகில் நின்றிருந்தார். கையில் கட்டு. நான் அந்தப் பக்கமே போகவில்லை என்றால் அவர் திருடன். கணக்கு டீச்சர் போட வேண்டிய கணக்கே இல்லை அது, அவ்வளவு சின்னது.

எழுந்துவிட்டேன். "சாஹேப், மூர்த்தி என் வீட்டில் இருக்கிறது. நான்தான் எடுத்தேன். அவர் விற்கவில்லை. நான் இழுத்ததால்தான் விழுந்தார்" என்றேன். பதற்றத்தில், தினமும் நைவேத்தியம் ஆகிறது என்று வேறு சொன்னேன். யாரோ சிரித்தார்கள். தேஜஸ்வினி ஃபைலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ஜாமீன் கொடுத்தார், ரஞ்சனி, இரண்டு பேருக்கும் கொடுத்தார். பிள்ளையாரை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். சாட்சிகளிடம் பேசக் கூடாது. பாஸ்போர்ட்டை ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. அனுமதி கேட்டு மனுப் போடலாம், ஆனால் அது வருவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும் என்கிறாள் தேஜஸ்வினி. வெளியே வந்தபோது பாண்டுரங் "தாயி" என்று ஏதோ சொல்ல வந்தார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் கோர்ட் அனுமதி இல்லை. தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வேலையைப் பற்றி அப்பா பில்டரிடம் போய்ப் பேசியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. பிள்ளையாரை இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வெளியே, அவர் காவலில்.

ஆக, நான் வரவில்லை. இதைத்தான் எழுத வந்தேன், எங்கெங்கோ சுற்றிவிட்டேன். நீ கோபப்பட்டால் படு, ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு. நேரத்துக்குத் தூங்கு. பனியில் தனியாக நடக்காதே. டாக்டர் சொல்வதைக் கேள், மாமிகள் சொல்வதைக் கேட்காதே, நான் உள்பட. பிரசவ லேகியத்தைக் கிளறிப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், எப்படியாவது வந்து சேரும், காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு போதும். வலி எடுத்ததும் எந்த நேரமானாலும் போன் செய். நான் பேசமாட்டேன், சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். நீயும் உன் குழந்தையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு எந்தப் பிள்ளையாரும் வேண்டாம், நான் அம்மா.

அன்புடன்,
விசாலாக்ஷி (ஜாமீனில்)

பி.கு. கடிதத்தை முடித்துவிட்டு ஸ்டேஷனில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு கிருஷ்ணாவின் அம்மாவுக்குப் போன் செய்து, எனக்குப் பதிலாக உன்னிடம் போய் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.