இரண்டு பத்திரிகைகளில் வராத மவுத்து

அன்புள்ள ஹாறூன் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடியைக் கடந்து போகிறவர்கள் உள்ளே அடக்கப்பட்டவர்களுக்குச் சொல்லும் ஸலாம்தான் இது. அவர்களிடமிருந்து யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்கள் ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. நாம் இருவரும் இராப்பகலாக எழுதி வளர்த்த அந்த இணையக் கலைக்களஞ்சியத்தின்படி நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். காத்திருக்கிறேன்.

ராத்தா இத்தாவில் இருக்கிறார். கணவனை இழந்த பெண் வெளியே போகாமல், பிற ஆண்களைச் சந்திக்காமல் வீட்டோடு இருக்கும் அந்த நாலு மாதச் சொச்சத்தில் பாதி கழிந்துவிட்டது. நான் கூடப் பிறந்த தம்பி என்பதால் உள்ளே போய்வர எனக்குத் தடையில்லை. உங்கள் ஜனாஸாவைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கபுறுக்குள் மண் அள்ளிப் போட்டேன். இவ்வளவும் நடந்த பிறகும் உங்களைப் பற்றிய பக்கத்தில் பிறந்த ஆண்டு மட்டும் தனியே நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் எதை எழுதினாலும் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடுகிறது.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தம்பிலுவிலில் சிற்றிதழ் நடத்தும் உங்கள் கூட்டாளி சிவம் மாஸ்டர் இந்தக் கடிதத்தை அச்சில் போடப்போகிறார். வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக நீங்கள் முதல் தடவை மவுத்தான, அதாவது இறந்த, கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் உதவாது. கல்முனைச் சந்தையில் நின்று ‘ஹாறூன்’ என்று கூப்பிட்டால் மீன் நிறுக்கிறவரும் திரும்புவார், வாங்குகிறவரும் திரும்புவார். அதனால்தான் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷல் வைத்திருக்கிறோம். அந்த மூன்றும் அப்படியே பொருந்திய இன்னொரு ஹாறூன் நிந்தவூரில் இருந்தார். நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாய்க்காலைத் தவிர வேறெதையும் திறந்துவிடாத, வாயைக்கூடத் திறக்காத நல்ல மனிதர். அவர் காலமான செய்தியை ஒரு பத்திரிகை உங்கள் படத்தோடு போட்டது. ‘பிரபல வானொலி நாடக எழுத்தாளர் மறைந்தார்.’ அதுவரை உங்களை யாரும் பிரபலம் என்று எழுதியதில்லை. அதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது, செத்ததும் வேறொருவர்.

அன்று காலை தொப்பியோடு நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்தது நீங்கள்.

“ஆர் மவுத்து?” என்று கேட்டீர்கள்.

முன்னால் நின்றவர் திணறிப்போனார். “நீங்கதான் ஹாறூன் நானா. பேப்பர்ல கிடக்கு.”

“அப்ப உள்ளுக்கு வாங்க. பிளேன்டீ ஒண்டு குடிச்சிட்டு அடக்குவம்.”

அவர்கள் குடித்துவிட்டுப் போவதற்குள் கலைக்களஞ்சியத்தில் உங்கள் மறைவு ஏறிவிட்டது. சான்று, மேற்படி பத்திரிகை. நான் நீக்கினேன். ‘ஆதாரன்’ என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் திருப்பிப் போட்டார். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது. எழுத்துப்பிழை விடமாட்டார் என்பது மட்டும் தெரியும். ‘நீக்கியதற்குச் சான்று தருக’ என்று கேட்டார். ‘அவர் எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்’ என்று எழுதினேன். ‘அது தங்கள் நேரடி அவதானிப்பு. வெளியிடப்பட்ட மூலம் அல்ல’ என்றார். நான் உங்கள் மச்சினன் என்று தெரிந்ததும் ‘நலமுரண்’ என்ற சொல்லை எடுத்து என் நெற்றியில் ஒட்டினார். சொந்தக்காரரைப் பற்றிச் சொந்தக்காரர் எழுதினால் அங்கே அதற்குப் பெயர் அது.

பிறகு நீங்களே உரையாடல் பக்கத்துக்கு வந்தீர்கள். ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?’ ஆதாரன் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார். ‘ஐயா, ஒருவர் தன்னைப் பற்றித் தானே கூறுவது பக்கச்சார்புடையதாகக் கருதப்படும்.’

அதை வாசித்து நீங்கள் சிரித்த சத்தத்தில் ராத்தா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

“உசிரோட இரிக்கிறதில எனக்குப் பக்கச்சார்பாம். கேட்டியா?”

“நேத்தும் மருந்து குடிக்கல்ல. நீங்க சாயிறது மத்தப் பக்கம் எண்டு அவருக்கு எழுதி விடுங்க,” என்றார் ராத்தா.

பத்திரிகை திருத்தம் போட்டது. கடைசிப் பக்கத்தில், மரக்கறி விலைக்குக் கீழே. அதிலும் ஒரு இனிஷல் பிழை. ஆகவே வேறு யாரோ ஒருவர் உயிரோடு இருப்பது உறுதியானது. மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் இன்னொரு பத்திரிகை உங்களை நேர்காணல் செய்தபோதுதான் உங்களுக்கு உயிர் திரும்பியது. தீர்வை ஆதாரன் எழுதினார். முதல் பத்திரிகை மரணச் செய்திகளைப் பொறுத்தவரை தனியாக நம்பத்தக்க மூலம் அல்ல. இனி இந்தப் பக்கத்தில் மரணத்தைச் சேர்ப்பதானால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு பத்திரிகைகள் வேண்டும். நான் ஆதரித்தேன். நீங்களும் ஆதரித்தீர்கள்.

“இனி ரெண்டு பேப்பர்ல வராம மவுத்தாக ஏலா போல,” என்றீர்கள். உங்கள் வசனங்களில் பலித்தது அது ஒன்றுதான்.

இந்தத் தடவை பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் மவுத்தைச் சொன்னது. உங்கள் வாப்பாவின் பெயர், வீடிருக்கும் தெரு, யாருக்குக் கணவர், யாருக்கு வாப்பா, யாருக்கு மச்சான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. அந்த அறிவித்தலில் ஆள் மாறவே முடியாது. இனிஷலை நம்பாத ஒரே ஊடகம் நம் ஊரில் அதுதான். என் பெயரும் அதில் வந்தது. என் பெயரைக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. முந்தின பெயர்கள் காதில் விழுந்தும் விழாமலும் போயிருந்தன.

அடக்கிவிட்டு வந்து நானே அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதினேன். எழுதியதும் ‘மாற்றத்துக்கான காரணத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடவும்’ என்று ஒரு சிறு பெட்டி கேட்குமே, நினைவிருக்கிறதா? ‘மச்சான் மவுத்து’ என்று போட்டேன். அதைவிடச் சுருக்கமாக எனக்கு வரவில்லை. அழித்தவர் போட்ட காரணம் அதைவிடச் சுருக்கமாக இருந்தது. ‘சான்றில்லை.’

ஒலிபெருக்கியைச் சொன்னேன். அது எங்கே பதிவாகியிருக்கிறது என்று ஆதாரன் கேட்டார். காற்றில் என்று எழுதிவிட்டு நானே அழித்தேன். முகநூலில் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அது சுயவெளியீடு. பஸ் நிலையத்துக்கு முன்னால் இளைஞர் கழகம் உங்கள் படம் போட்டுப் பதாகை கட்டியிருந்தது. அதில் வெளியீட்டாளர் விபரம் இல்லை. மரணச் சான்றிதழ் தனிப்பட்ட ஆவணம். போதாக்குறைக்கு அதில் உங்கள் இனிஷல்களை விரித்து முழுப்பெயராக எழுதியிருக்கிறார்கள். அது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி வந்தது. கோபத்தில் நான் திரும்பத் திரும்ப எழுத, பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். நான் வெளியே நிற்கிறேன்.

நேர்காணல் போட்ட பத்திரிகையைத் தேடினேன். அது உங்களுக்கு முன்பே நின்றுபோயிருக்கிறது. அதன் மறைவுக்கு யார் சான்று கேட்டார்கள் என்று தெரியவில்லை. மிஞ்சியது அந்தப் பழைய பத்திரிகைதான். அதோடு தொடங்கி, இரண்டாவதைப் பிறகு தேடலாம் என்று நினைத்தேன். அதன் நிருபர் இர்ஷாத் உங்கள் ஜனாஸாவுக்கு வந்திருந்தார். செய்தியும் அனுப்பினார். வரவில்லை. பஸாரில் வைத்து அவரைப் பிடித்தேன்.

“எங்கட ஆக்கள் பயப்படுறாங்க காக்கா. ஒருக்காப் போட்டுப் பட்ட பாடு காணும் எண்டுறாங்க.”

“இந்த முறை உண்மையா மவுத்தாகிட்டார் தம்பி.”

“எனக்குத் தெரியாதா? நானும் தொழுதன்தானே. அவங்க அந்தக் கலைக்களஞ்சியத்தத் திறந்து பாத்திரிக்காங்க. அதில உசிரோட இரிக்கார் எண்டு கிடக்காம். அத மாத்தினா அடுத்த நாளே போடுறாங்களாம்.”

கச்சான் காற்று தெருப்புழுதியை எங்கள் இருவர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகையில் வந்தால்தான் கலைக்களஞ்சியத்தில் வரும். கலைக்களஞ்சியத்தில் வந்தால்தான் பத்திரிகையில் வரும். நீங்கள் எழுதிய எந்த நாடகத்திலும் இப்படி ஒரு பூட்டு இருந்ததில்லை. இருந்திருந்தால் தயாரிப்பாளர் ‘நம்பும்படியாக இல்லை’ என்று வெட்டியிருப்பார். இதில் கெட்டவர் என்று கைகாட்டவும் ஆளில்லை, மச்சான். எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். அன்று இந்தக் கவனத்தைத்தானே நாம் கேட்டோம்?

ராத்தாவின் மேசையில் அந்தத் தொலைபேசி இல்லாவிட்டால் இதையும் ஒரு பகிடியாகவே விட்டிருப்பேன். உங்கள் நாடகத் தொகுப்பின் பின்னட்டையில் வீட்டுத் தொலைபேசி இலக்கம் அச்சாகியிருக்கிறது. இணையத்தில் பார்த்து, நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பி, ஆய்வு செய்கிற பிள்ளைகளும் விழா நடத்துகிறவர்களும் அழைப்பு எடுக்கிறார்கள். கட்டாரிலிருந்து மகள் எடுப்பதும் அதே இலக்கத்துக்குத்தான். அதனால் கழற்றி வைக்க ராத்தா விடமாட்டார். ஒவ்வொரு தடவையும் மகளாக இருக்கும் என்று ஓடிப்போய் எடுக்கிறார். வேறு குரல் என்றால் இரண்டே சொல்லோடு வைத்துவிடுகிறார்.

“அவர் இல்ல.”

நம்மிடம் இருப்பது ‘இல்லை’ என்ற இந்த ஒரு சொல்தான், மச்சான். கடைக்குப் போனவரும் இல்லை. கபுறுக்குப் போனவரும் இல்லை. எந்த இல்லை என்று கேட்கிறவர்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் நம் பக்கத்தை வாசித்தவர்கள், ஆகவே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “எப்ப வருவார்?”

ராத்தா பதில் சொல்வதில்லை. மவுத்து என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார். “ஒன்ட ஆக்களுக்குச் சொல்லி அதில ஒரு சொல்லு போட ஏலாதா? நான் இத்தா இரிக்கிறது அவங்களுக்குக் காணாதாடா?”

காணாது, போதாது என்று எப்படிச் சொல்வது? கேட்டுப் பார்த்துவிட்டேன். அது சூழ்நிலைச் சான்றாம்.

போன கிழமை ஆதாரனுக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார். ‘நூலின் பின்னட்டையிலுள்ள இலக்கத்துக்கு நானே அழைத்தேன். பேசிய பெண்மணி, அவர் இல்லை என்றார். எப்போது வருவார் என்று வினவியபோது தொடர்பு துண்டிக்கப்பட்டது. அவர் வெளியே சென்றிருப்பதாகத் தெரிகிறது. எனினும் இது என் சொந்த ஆய்வு என்பதால் சான்றாகக் கொள்ள வேண்டாம்.’

நீங்கள் இருந்திருந்தால் இதை நாலு பேருக்கு நடித்துக் காட்டியிருப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ராத்தா குசினியில் இருந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டுவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கையை எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

நேற்று அஸர் தொழுதுவிட்டு அங்கே போயிருந்தேன். தொலைபேசி அடித்தது. நான் எழும்புவதற்குள் ராத்தா எடுத்துவிட்டார். ஒரு பையனின் குரல். நான் இருந்த இடம்வரை கேட்டது.

“அவர் இல்ல,” என்றார் ராத்தா.

“எப்ப வருவார் உம்மா?”

ராத்தா வைக்கவில்லை. வெள்ளை முக்காட்டை இழுத்துவிட்டார்.

“வரமாட்டார் மகன்.”

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாறியது. “இல்ல உம்மா, இணையத்தில அப்பிடி ஒண்டும் இல்லியே.”

“அதில இல்லாட்டியும் வரமாட்டார் மகன்.”

பிறகு, மவுத்துச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியை அந்தப் பையன் சொன்னது கேட்டது. “ஓம்,” என்று சொல்லிவிட்டு ராத்தா மெதுவாக வைத்தார். என் பக்கம் திரும்பாமலே, “தேத்தண்ணி ஊத்தட்டா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஆதாரன் இதை ஏற்கமாட்டார். சொன்னவர் மனைவி, கேட்டவன் மச்சினன், எங்கும் அச்சாகவில்லை. இந்தக் கடிதம் அச்சாகும்போது அதையும் ஏற்கமாட்டார். எழுதியவனுக்கு நலமுரண், வெளியிட்டவர் கூட்டாளி. பக்கம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. இன்று காலையும் பார்த்தேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். ‘வரமாட்டார்’ என்று ராத்தா நேற்றுத் தன் வாயால் சொல்லிவிட்டார். இன்னொருமுறை சொல்லவிடமாட்டேன். ராத்தா விட்டாலும் விடாவிட்டாலும் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் என் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மகள் எடுத்தால் ராத்தாவிடம் கொடுப்பேன். மற்றவர்களுக்கு நான் சொல்வேன், மவுத்து என்று, விளங்குகிற மாதிரி. என்றைக்காவது அந்தப் பூட்டு திறந்தால் உங்கள் மறைவை ஆதாரனே எழுதட்டும். நான் இனிஷலை மட்டும் சரிபார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி, ஆகவே சான்றாகாத,
உங்கள் மச்சினன்.